பாட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு!

1980களிலும் 90களிலும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வளர்ந்தவர்களுக்கு 'ரெக்கார்டிங் சென்டர்' என்ற போர்டு ஞாபகம் இருக்கும். இந்த ஊர்களில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இருந்த கடைதான் அது. பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒரு காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் பாட்டுகளை 'ஏ' பக்கம், 'பி' பக்கம் என்று பிரித்துப் பதிந்து வைத்திருப்பார்கள். உள் அட்டையில் படத்தின் பெயரையும் பாட்டின் முதல் இரண்டு சொற்களையும் பேனாவால் எழுதித் தருவார் கடைக்காரர்.

அந்த அட்டையில் பாடியவர் பெயர் சில சமயம் இருக்கும். பாட்டை எழுதியவர் பெயர் அநேகமாக இருக்காது. எந்தக் கம்பெனி வெளியிட்டது, எந்த வருடம் பதிவானது என்பதெல்லாம் இருக்கவே இருக்காது. பாட்டு மட்டும் வீட்டுக்கு வந்துவிடும். அதன் பிறப்புச் சான்றிதழ் கடையிலேயே தங்கிவிடும்!

இன்று அதே பாட்டை செல்போனில் கேட்கும்போது அதற்குப் பின்னால் 12 இலக்கக் குறியீடு ஒன்று இருக்கிறது. திரையில் அது தெரியாது. ஆனால் அந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது, அதற்கான பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற கணக்கெல்லாம் அந்தக் குறியீட்டை வைத்துத்தான் நடக்கிறது. இந்த நம்பர்கள் எப்படி வந்தன? அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன?

பெயரைச் சொல்லி முடித்த பாடகி

இந்தியாவில் வணிக ரீதியான இசைத்தட்டுப் பதிவு 1902-ல் தொடங்கியது. லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் அந்த வருடம் கல்கத்தாவுக்கு வந்து பல கலைஞர்களைப் பதிவு செய்தார். அவர்களில் மிகவும் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். அவருடைய பழைய தட்டுகளைக் கேட்டால், பாட்டு முடிந்ததும் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் வரும்.

இது தற்பெருமை இல்லை. பதிவான மூலத் தகடுகள் கப்பலில் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போய் அங்கேதான் அச்சாகின. அங்கே இருந்த தொழிலாளர்களுக்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. எந்தத் தகட்டில் யார் பாடுகிறார் என்று தெரிந்தால்தானே சரியான லேபிளை ஒட்ட முடியும்? அதற்காகத்தான் பாடியவரே கடைசியில் பெயரைச் சொன்னார். ஒரு வகையில் பார்த்தால் இந்திய இசையின் முதல் அடையாளக் குறி ஒரு பெண்ணின் குரல்! 1908-ல் கல்கத்தாவிலேயே அச்சடிக்கும் ஆலை வந்தது. நாளடைவில் பெயர் சொல்லும் வழக்கமும் மறைந்தது. அந்த வேலையை நம்பர்கள் எடுத்துக்கொண்டன.

இரண்டு நம்பர், இரண்டு வேலை

பழைய 78 சுழற்சி இசைத்தட்டு கிடைத்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். லேபிளுக்குப் பக்கத்தில், கோடுகள் முடியும் இடத்தில், சிறிய எழுத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். அதற்கு மேட்ரிக்ஸ் எண் என்று பெயர். இது அந்தக் குறிப்பிட்ட பதிவுக்கு உரியது. தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு எண், மறுபக்கத்துக்கு வேறு எண். கிராமபோன் கம்பெனியின் ஆரம்பகாலத் தட்டுகளில் இந்த எண்ணோடு சேர்ந்து வரும் எழுத்தை வைத்து, பதிவு செய்த நிபுணர் யார் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

லேபிளின் மேல் அச்சாகியிருப்பது இன்னொரு எண். அது கேட்டலாக் எண். எச்.எம்.வி.யின் இந்தியத் தட்டுகளில் 'என்' வரிசை, கொலம்பியாவில் 'ஜி.இ.' வரிசை, ட்வின் கம்பெனியில் 'எஃப்.டி.' வரிசை. பின்னால் வந்த எல்.பி. தட்டுகளில் 'இ.சி.எல்.பி.', 'இ.சி.எஸ்.டி.' போன்ற வரிசைகள். இது கடைக்காரருக்கான எண். விலைப்பட்டியலில் இருப்பதும், கடைக்காரர் கம்பெனிக்கு ஆர்டர் எழுதுவதும் இதை வைத்துத்தான்.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். மேட்ரிக்ஸ் எண் ஒலிப்பதிவை அடையாளம் காட்டுகிறது. கேட்டலாக் எண் விற்கும் பொருளை அடையாளம் காட்டுகிறது. இன்றைய ஐ.எஸ்.ஆர்.சி. முதலாவதன் பேரன். இன்றைய பார்கோடு இரண்டாவதன் பேரன்.

கேசட்டு வந்தது, அடையாளம் போனது

எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் கேசட்டு பரவியபோது இந்த ஒழுங்கு கலைந்தது. இசைத்தட்டு அடிக்க ஆலை வேண்டும். கேசட்டில் ஏற்ற இரண்டு டெக் இருந்தால் போதும். நிறைய சிறிய கம்பெனிகள் வந்தன. அவற்றோடு திருட்டுப் பதிவுகளும் வந்தன.

அரசு சும்மா இருக்கவில்லை. 1984-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு 52ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒலிப்பதிவு செய்தவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதலில் வெளியான வருடமும் கேசட்டின் மீதும் உறையின் மீதும் இருக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. ஆனால் அது கேட்டது பெயர், முகவரி, வருடம். நம்பர் எதையும் கேட்கவில்லை. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைப் போடச் சொல்லியும் அந்தப் பிரிவு கேட்கவில்லை. உறையில் அந்தப் பெயர்கள் வந்ததும் வராததும் கம்பெனியின் மனதைப் பொறுத்தது.

மணலில் இழுத்த கோடு

இதற்கு முன்பிருந்தே உலகின் மறுபக்கம் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் நார்மன் ஜோசப் உட்லேண்ட், பெர்னார்டு சில்வர் என்ற இருவர், மளிகைக் கடையில் பொருளின் விலையைத் தானாகவே படிக்கும் முறை ஒன்றைத் தேடினார்கள். மயாமி கடற்கரையில் உட்கார்ந்திருந்த உட்லேண்ட், தந்தி அனுப்பும் மோர்ஸ் குறியீட்டின் புள்ளியையும் கோட்டையும் மணலில் விரலால் கீழ்நோக்கி இழுத்தாராம். மெல்லிய கோடும் தடித்த கோடும் கிடைத்தன. 1949-ல் விண்ணப்பித்து 1952-ல் காப்புரிமை வாங்கினார்கள். ஆனால் அதைப் படிக்கும் லேசர் கருவியும் மலிவான கணினியும் அன்று இல்லை.

1973 ஏப்ரல் 3 அன்று அமெரிக்க மளிகைத் துறை ஒரு பொதுவான குறியைத் தேர்ந்தெடுத்தது. அதை வடிவமைத்தவர் ஐ.பி.எம். பொறியாளர் ஜார்ஜ் லாரர். 1974 ஜூன் 26-ல் ஒஹாயோ மாநிலத்தின் ட்ராய் நகரில், மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில், ஒரு ரிக்லி சூயிங்கம் பாக்கெட்டு முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. அமெரிக்கக் குறியில் 12 இலக்கம். பின்னர் ஐரோப்பாவில் வந்த குறியில் 13.

இசை உலகில் பார்கோடு நிலைத்தது குறுந்தகட்டின் காலத்தில். இந்தியக் கம்பெனிகளுக்கு நம்பர் கொடுக்க 1996-ல் ஒரு அமைப்பு உருவானது. இன்று அதன் பெயர் ஜி.எஸ்.1 இந்தியா. அது கொடுக்கும் எண்கள் 890 என்று தொடங்கும். "890 என்றால் இந்தியாவில் தயாரானது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த நம்பர் இந்திய அமைப்பிடம் வாங்கியது என்பதுதான் அதன் அர்த்தம். பொருள் எங்கே தயாரானாலும் சரி.

சென்னையிலும் இதன் விளைவு தெரிந்தது. நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க், ஸ்பென்சர் பிளாசாவில் இருந்த மியூசிக் வேர்ல்டு போன்ற பெரிய கடைகளில் ஆயிரக்கணக்கான தலைப்புகள் இருந்தன. கம்ப்யூட்டர் பில் போட அங்கே பார்கோடு தேவைப்பட்டது. ஆவடி மார்க்கெட்டுப் பக்கத்துச் சின்னக் கேசட்டுக் கடைக்கு அது தேவைப்படவில்லை. கடைக்காரரின் ஞாபகமே அங்கே கம்ப்யூட்டர்!

கடைசி இலக்கத்தின் ரகசியம்

பார்கோடின் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். உதாரணத்துக்கு 890123456789 என்ற 12 இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடங்களில் இருப்பதைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் இருப்பதைக் கூட்டினால் 34. அதை 3-ஆல் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதைப் பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு வேண்டும்? பூஜ்யம். ஆகவே 13-ஆவது இலக்கம் 0.

முதல் இரண்டு இலக்கத்தை மாற்றி 98 என்று தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 128 ஆகிவிடும். கடைசி இலக்கம் 2 என்று வர வேண்டும், ஆனால் இருப்பதோ 0. இயந்திரம் உடனே மறுத்துவிடும். வீட்டில் இருக்கும் எந்தப் பொருளையும் எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் பார்கோடு சொல்வது டப்பாவைப் பற்றி மட்டுமே. ஒரு குறுந்தகட்டில் 12 பாட்டு இருந்தாலும் வெளியே ஒரே பார்கோடுதான். ஒரே பாட்டு மூன்று தொகுப்புகளில் வந்தால் மூன்று பார்கோடு. பாட்டுக்கென்று தனி அடையாளம் வேண்டாமா?

பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு பாட்டு

அதற்காக வந்ததுதான் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் சர்வதேச ஒலிப்பதிவுக் குறியீடு. இதற்கான ஐ.எஸ்.ஓ. 3901 தரநிர்ணயம் 1986-ல் வெளியானது. உலக அளவில் ஐ.எஃப்.பி.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு இதை நிர்வகிக்கிறது. இந்தியாவில் இந்தக் குறியீட்டைக் கையாளும் அமைப்பு இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி.

குறியீட்டின் அமைப்பு இது:

- முதல் 2 எழுத்து: நாடு. இந்தியாவுக்கு 'ஐ', 'என்'.
- அடுத்த 3: நிறுவனம்.
- அடுத்த 2: வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம்.
- கடைசி 5: வரிசை எண்.

குறுந்தகட்டில் இந்தக் குறியீட்டைப் பாட்டோடு சேர்த்து மறைவாகப் பதிந்து வைக்க இடம் உண்டு. ஆனால் சாதாரண பிளேயர் அதைக் காட்டாது. பாட்டின் பெயரோ அநேகக் குறுந்தகடுகளில் பதிவாகியிருக்காது. தமிழ்க் குறுந்தகட்டைக் கம்ப்யூட்டரில் போட்டதும் 'ட்ராக் 01', 'ட்ராக் 02' என்று வந்ததற்குக் காரணம் இதுதான். சில தகடுகளுக்கு மட்டும் பெயர் வந்ததே? அது தகட்டிலிருந்து வரவில்லை. பாட்டுகளின் நீளத்தை வைத்துத் தகட்டை அடையாளம் கண்டு, யாரோ ஒரு ரசிகர் தட்டச்சு செய்து வைத்த பட்டியலை இன்டர்நெட்டிலிருந்து எடுத்து வந்தது. பிறகு அதே பாட்டு எம்.பி.3 ஆக மாறி, 150 பாட்டு அடங்கிய தகடாக நடைபாதையில் விற்றபோது, இருந்த குறியீடும் பெரும்பாலும் உதிர்ந்துபோனது.

மீராவும் ரோஜாவும்

ஐ.எஸ்.ஆர்.சி. எதைச் சொல்லாது என்பதற்கு இரண்டு தமிழ்ப் படங்கள் நல்ல உதாரணம்.

எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' 1945-ல் வந்தது. அப்போது இந்தக் குறியீடே கிடையாது. பழைய பதிவுகளுக்கு, மறுபடி வெளியிடும்போதுதான் குறியீடு கொடுக்கிறார்கள். அதில் வரும் வருடம், குறியீடு கொடுத்த வருடம். பாடிய வருடம் அல்ல. எம்.எஸ். 1945-ல் பாடிய பாட்டின் குறியீட்டில் '05' என்றோ '12' என்றோ இருக்கலாம். அதை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் அறுபது வருடம் தவறிவிடும்!

அடுத்தது 1992-ல் வந்த 'ரோஜா'. ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படம். அதில் மின்மினி பாடிய புகழ்பெற்ற பாட்டைத் தமிழில் எழுதியவர் வைரமுத்து. இந்தியில் எழுதியவர் பி.கே. மிஸ்ரா. இரண்டையும் பாடியவர் மின்மினிதான். மெட்டு ஒன்று, குரல் ஒன்று. ஆனால் ஒலிப்பதிவு இரண்டு. ஆகவே குறியீடும் இரண்டு. அந்தக் குறியீடுகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ரஹ்மானோ மின்மினியோ வைரமுத்துவோ தெரிய மாட்டார்கள். பெயர்களுக்கு அதில் இடமே இல்லை. குறியீட்டின் பக்கத்தில் யாராவது தனியாக எழுதி வைத்தால்தான் உண்டு.

இன்னொரு குறை. பார்கோடில் இருக்கும் காவல்கார இலக்கம் ஐ.எஸ்.ஆர்.சி.யில் கிடையாது. ஒரு இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் இயந்திரம் எதிர்ப்புச் சொல்லாது. கணக்கு பேசாமல் வேறொரு பாட்டுக்குப் போய்விடலாம்.

பாட்டு வேறு, பதிவு வேறு

2017 மார்ச்சில் தமிழ்நாடே பேசிய ஒரு சம்பவம் நினைவிருக்கும். எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தார். தன் அனுமதி இல்லாமல் தன் பாட்டுகளை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. "அவர் பாடிய பாட்டை அவரே பாடக்கூடாதா?" என்று ஒரு பக்கம், "மெட்டுப் போட்டவருக்கு உரிமை இல்லையா?" என்று மறுபக்கம். ஊரே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது.

அந்த விவாதத்தில் பலர் கலந்து குழப்பிய விஷயம் இதுதான். பாட்டு வேறு, பதிவு வேறு. மேடையில் யாரும் பழைய தட்டைப் போடவில்லை, புதிதாகப் பாடினார்கள். அங்கே ஐ.எஸ்.ஆர்.சி.க்கு வேலையே இல்லை. மெட்டும் வரியும் சேர்ந்த படைப்புக்கு வேறொரு குறியீடு உண்டு: ஐ.எஸ்.டபிள்யூ.சி. அதற்கான தரநிர்ணயம் 2001-ல் வந்தது. பதிவின் உரிமை பெரும்பாலும் கம்பெனியிடம் இருக்கும். படைப்பின் பங்கு இசையமைப்பாளருக்கும் கவிஞருக்கும் போக வேண்டியது. அவர்களுக்கான தொகையை வசூலிக்க 1969-லிருந்து ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு இருக்கிறது. 2012-ல் வந்த சட்டத் திருத்தம், அந்த ராயல்டி உரிமையைப் படத் தயாரிப்பாளரோ இசைக் கம்பெனியோ எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி செய்தது.

இருவரின் பிணக்கும் பிறகு தீர்ந்தது. 2019 ஜூன் 2, இளையராஜாவின் பிறந்தநாள் கச்சேரியில், பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி மேடையில் எஸ்.பி.பி. மறுபடி அவருக்காகப் பாடினார். மனஸ்தாபம் தீர்ந்தாலும், அது எழுப்பிய கேள்வி பாட்டுக்கு உழைக்கும் எல்லோருக்கும் பொருந்தும்.

அம்பத்தூரிலிருந்து ஒரு பாட்டு

இன்று பாட்டு வெளியிட இசைக் கம்பெனி தேவையில்லை. அம்பத்தூரில் ஒரு மாணவர் வீட்டு மாடியில் ஒரு கானா பாட்டைப் பதிவு செய்து, இணைய விநியோக நிறுவனம் ஒன்றின் மூலம் உலகம் முழுக்க வெளியிடலாம். அந்த நிறுவனமே ஐ.எஸ்.ஆர்.சி. கொடுத்துவிடும். டப்பாவே இல்லாத அந்த வெளியீட்டுக்குப் பார்கோடு எண்ணும் கொடுக்கும்! அமெரிக்க நிறுவனமாக இருந்தால் குறியீடு 'க்யூ இசட்' என்று தொடங்கலாம். அம்பத்தூர் பாட்டுக்கு அமெரிக்க எழுத்து! நாட்டெழுத்தை நம்பிப் பயனில்லை என்பதால்தான் 2019-ல் திருத்திய தரநிர்ணயம் நாட்டையும் நிறுவனத்தையும் பிரிக்காமல், முதல் ஐந்தையும் ஒரே முன்னொட்டாக வைத்துக்கொண்டது.

இப்படி வெளியிடுபவர்கள் கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, கிடைத்த குறியீட்டை எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டு, நிறுவனம் மாறினாலும் அதே பதிவுக்கு அதே குறியீட்டைத்தான் கொடுக்க வேண்டும். புதிது வாங்கினால் பழைய பாட்டும் புதிய பாட்டும் வேறு வேறாக எண்ணப்பட்டு, அதுவரை கேட்டவர்களின் கணக்கு பிரிந்துபோகலாம். மூன்று, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைக் கேட்கும் கட்டங்களை ஒன்றுவிடாமல் நிரப்ப வேண்டும். பறையடித்த நண்பரின் பெயரையும் சேர்த்துத்தான்.

இந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது. ரெக்கார்டிங் சென்டர் அட்டையில் விடுபட்டதும் இதுவேதான். அன்று இடமில்லை என்ற காரணமாவது இருந்தது. இரண்டங்குல அட்டையில் எத்தனை பெயரைத்தான் எழுதுவார் அந்தக் கடைக்காரர்? இன்று இடத்துக்குப் பஞ்சமே இல்லை. நம்பர் தானாக வந்துவிடுகிறது. பெயர் தானாக வராது. 1902-ல் கௌஹர் ஜான் செய்ததைப் போல, அதை யாராவது சொல்லியாக வேண்டும்.